அழுக்குப் பக்கம்

அந்த லாண்டரியின் நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அழுக்கு, அந்தப் பக்கம் சுத்தம். சலவை இயந்திரங்கள் சுவரைக் குடைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னே ஒரு கதவு, பின்னே ஒரு கதவு. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை இந்தப் பக்கம் திணித்தால், வெளுத்து அந்தப் பக்கம் வந்து விழும். அந்த வழி துணிக்கு மட்டும்தான். அழுக்குப் பக்கத்து ஆட்கள் பின்வாசலில் நுழைந்து பின்வாசலிலேயே வெளியேற வேண்டும். தப்பித் தவறிக்கூட அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது.

அழுக்குப் பக்கத்திலிருந்து தப்பிக்க மேனேஜரைச் சுற்றிச் சுற்றி வந்தவர்கள் ஏராளம். சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்கு மாற்றல் கேட்டவள் ஒருத்திதான். அவளும் லேசுப்பட்டவள் அல்ல. ஸ்கேல்.

அவள் மடித்து அடுக்கிய விரிப்புகளின் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்கும். அதனால் வந்த பெயர். "அந்தப் பொண்ணு மடிச்சதையே அனுப்புங்க" என்று ஓட்டல்காரர்கள் சொல்லி வாங்குவார்கள். அவளுக்குக் கல்யாணம் முளைத்ததும் அந்த மேஜையில்தான். சுத்தப் பக்கத்து சூப்பர்வைசர் அம்மாள் அவளுடைய கையையே நாலு மாதம் கவனித்துவிட்டு, "இவ்வளவு நேரா மடிக்கிறவ குடும்பத்தையும் நேரா நடத்துவா" என்று தன் தம்பிக்குப் பெண் கேட்டாள். தம்பி அதே லாண்டரியில் வேன் ஓட்டுகிறவன். அன்று முதல் சூப்பர்வைசர் நாத்தனார் ஆனாள்.

அப்படிப்பட்ட ஸ்கேல், பிள்ளை பெற்று, லீவு முடிந்து வந்து, ஒரு வாரம் ஆவதற்குள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், என்னை அழுக்குப் பக்கம் போட்டுடுங்க."

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "காது சரியாக் கேக்கலம்மா" என்றார்.

மறுபடியும் சொன்னாள். அங்கே எப்போதுமே ஆள் பற்றாக்குறை. பழம் நழுவிப் பாலில் விழுந்தால் எந்த மேனேஜர் வேண்டாமென்பார்? அன்றைக்கே மாற்றிவிட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சுத்தப் பக்கத்தில் இஸ்திரி ரோலரில் நிற்கும் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர். ரோலரின் இரைச்சலை மீறிப் பேசிப் பேசி, ரகசியத்தைக்கூட அவளால் கத்தித்தான் சொல்ல முடியும். ஒலிபரப்பு உடனே தொடங்கியது.

"இதுல என்ன அதிசயம்? அந்தப் பக்கத்துக்குத் தனிப் படிக்காசு உண்டுல்ல. வேன்காரரு கணக்குப் போட்டுட்டாரு. பொண்டாட்டிய அழுக்குல தள்ளிட்டு இவரு ஜம்முனு வேன்ல சுத்துறாரு."

"இல்லடி, நாத்தனாரோட முட்டிக்கிச்சு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

"அப்படியும் இருக்கும். ஒரு மேஜையில ரெண்டு ராணி எப்படி நிப்பாங்க?"

முதல் பேச்சு வேன்காரனைக் குத்தியது. இரண்டாவது பேச்சு அவன் அக்காவைக் குத்தியது. உண்மை இரண்டும் இல்லை.

உண்மை இதுதான். பிரசவம் சுலபத்தில் முடியவில்லை. ஆயுதம் போட்டு எடுத்தார்கள். பாப்பா நல்ல எடை, நல்ல குரல். கிழிந்ததைத் தைத்தார்கள், தையலும் ஆறியது. ஆனால் உள்ளே ஏதோ ஒரு பிடிப்பு விட்டுப்போயிருந்தது. தும்மினால் சிறுநீர் கசிந்தது. இருமினால் கசிந்தது. குனிந்து பாப்பாவைத் தூக்கினால் கசிந்தது. வருகிறது என்று தெரிந்து எழுந்து ஓடுவதற்குள் பாதி வழியிலேயே முடிந்துபோனது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டரிடம் மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, "குழந்தை நல்லா இருக்கில்ல? கொஞ்ச நாள்ல எல்லாம் சரியாயிடும்" என்றார். தன் அம்மாவிடம் போனில் சொன்னாள். அம்மா குரலைத் தாழ்த்தி, "பிள்ளை பெத்த உடம்புன்னா அப்படி இப்படித்தான் இருக்கும். வெளியில சொல்லி வைக்காத. மாப்பிள்ளை காதுல விழுந்தா அருவருத்துப் போயிடுவாரு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சுத்தப் பக்கத்தில் எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாளே கால்சட்டையில் ஈரம் தெரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். பாட்டில் தினமும் கவிழுமா?

அழுக்குப் பக்கத்தில் அந்தக் கவலை இல்லை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ரப்பர் ஏப்ரன், காலில் கம்பூட். தரை எந்நேரமும் ஈரம். வாடைக்கோ பஞ்சமே இல்லை. அதில் இவளுடையது எது என்று நாய்கூட மோப்பம் பிடிக்க முடியாது. எல்லாவற்றையும் விட, அந்தப் பக்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. வேலை முடிந்ததும் தலையோடு குளித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மற்றவர்கள் சலித்துக்கொள்ளும் அந்தக் குளியலுக்காகவே இவள் வேலைக்கு வந்தாள் என்று சொல்லலாம். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அவள் உடம்பு அவளுக்குச் சுத்தமாகத் தோன்றியது.

கூட வேலை செய்தவள் ஐம்பதைத் தாண்டியவள். பெயர் பாக்கெட். மூட்டையைப் பிரித்ததும் தலையணை உறை, அங்கி என்று ஒவ்வொன்றாக உதறி, உள்ளே எது இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மூக்குக்கண்ணாடி, டிவி ரிமோட், மோதிரம், எல்லாம் அவள் கையில் அகப்படும்.

"இந்தா பாரு ஸ்கேலு, பல்செட்டு. மேல்வரிசை மட்டும் வந்திருக்கு. கீழ்வரிசை எந்த மூட்டையில வருதோ."

"பாவம், அந்த மனுஷன் எப்படிச் சாப்பிடுவாரு?"

"சாப்பாட்ட விடு. கோபம் வந்தா பல்லைக் கடிக்கணுமே, அதுக்கு என்ன பண்ணுவாரு? பக்கத்து ரூம்காரர்கிட்ட கீழ்வரிசைய கடன் கேப்பாரோ?"

ஸ்கேலுக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. உதட்டைக் கடித்து, கால்களை இறுக்கிக்கொண்டு, விரிப்பை எண்ணுவதுபோல் திரும்பிக்கொண்டாள். சிரிப்பும் அவளுக்குத் தும்மல் மாதிரிதான் ஆகிவிட்டது.

"உனக்குச் சிரிக்கவே வராதாடி? முன்னாடியெல்லாம் அந்தப் பக்கத்துல இருந்து உன் சிரிப்பு சுவரைத் தாண்டி இங்க கேக்கும். பிள்ளை பெத்தா கர்வம் வருமா என்ன?" என்று பாக்கெட் கேட்டாள். கோபமாக அல்ல, ஆனால் கேட்டாள்.

வீட்டிலும் அவள் இப்படித்தான் சுருங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காருவதில்லை. சோபா இருக்கும் வீட்டுக்குப் போவதில்லை. மூக்கு அரித்தால் அவளுக்குப் பயம் வந்துவிடும். கணவனுடன் கட்டிலில் படுப்பதை விட்டுவிட்டு, பாப்பா தரையில்தான் நன்றாகத் தூங்குகிறது என்று சொல்லி, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் துணி போட்டு அதில் படுத்தாள். பிளாஸ்டிக் பாப்பாவுக்காக என்று அவன் நினைத்துக்கொண்டான். தன் பக்கம் அவள் திரும்பாததற்குத்தான் அவனுக்குக் காரணம் தெரியவில்லை.

பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொண்டவர் மாமனார். லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்க ஒரு பெட்டிக்குள் நின்று ஏறி இறங்கியதில், உலகத்தில் எல்லாமே அவருக்கு மேலே அல்லது கீழே. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கேல் வீட்டுக்குள் நுழையும்போது பாப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அஞ்சாவது மாடி. அழாதவங்க மட்டும் எறங்கலாம். வாம்மா மருமகளே, உன் சரக்கு எறங்குது, பிடி."

அவள் கையை நீட்டவில்லை. முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியைச் சரிசெய்துகொண்டு, பிறகுதான் வாங்கினாள். மாமனார் இதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டார். பிள்ளையை ஆசையாக நின்றபடி ஒரு தடவை அள்ளுகிறாளா இந்தப் பெண் என்று மனசுக்குள் ஒரு குறை. சொன்னதில்லை.

கணவன் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டான். முகத்தில் ஒரு வெற்றிக் களை.

"ஒரு நல்ல சேதி. திங்கக்கிழமையில இருந்து நீ திரும்ப சுத்தப் பக்கம். பழைய மேஜை."

பாப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "யாரு கேட்டா?"

"அக்காதான். மேனேஜர்கிட்ட ரெண்டு வாரமா கெஞ்சிக் கூத்தாடி வாங்கியிருக்கா."

"நான் கேக்கலையே."

"நீ கேக்க மாட்ட. அதான் நாங்க கேட்டோம்."

"நான் அங்கேயே இருந்துக்கறேங்க. பழகிப்போச்சு."

"எது பழகிப்போச்சு? அடுத்தவன் மூத்திரத்துணிய உதர்றதா?"

அந்தச் சொல் அவள் மேல் வந்து விழுந்தது. அவன் சும்மாதான் சொன்னான். அவனுக்கென்ன தெரியும்?

"ஊருல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா?" என்று அவன் தொடர்ந்தான். "மூட்டை எறக்கப் போனா, பின்னாடி நின்னு சிரிக்கிறானுங்க. படிக்காசுக்குப் பொண்டாட்டிய அழுக்குல தள்ளினவன்னு. நான் தள்ளினேனா? நீயா போய் விழுந்துட்டு எனக்குப் பட்டம் வாங்கிக் குடுத்திருக்க."

"அவங்க ஆயிரம் சொல்லுவாங்க."

"சரி, நீ ஒண்ணு சொல்லு. எதுக்குப் போன? ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் வாயத் திறக்கல."

காரணம் தொண்டை வரை வந்தது. எதிரே மாமனார் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் குரல் காதில் ஒலித்தது. அவள் பாப்பாவின் முகத்தைத் துடைத்தாள்.

"அங்கதான் எனக்கு நிம்மதியா இருக்கு" என்றாள்.

"அழுக்குல நிம்மதி. வீட்டுல இல்ல." அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கக் கூடாதும்மா. மேல போகணும், இல்ல கீழ போகணும். நடுவுல நின்னா மூச்சு முட்டும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நேரில் சொல்லித் தடுத்துவிடுவது என்று ஸ்கேல் நாத்தனார் வீட்டுக்குப் போனாள். ஒன்றும் சொல்லாமல் தடுக்க முடியாது என்று வழியெல்லாம் நடந்ததில் அவளுக்கே புரிந்தது. அக்காவிடம் மட்டும் சொல்லிவிடலாம். அவளும் இரண்டு பெற்றவள்தானே.

அந்த இரண்டும் முன்னறையில் தடித்தடியாகக் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தன. கதவைத் திறந்த நாத்தனாருக்கு முகம் மலர்ந்துபோயிற்று.

"வா வா. டேய், காலை மடக்குங்கடா, அத்தை வந்திருக்கா. உக்காரு."

உட்காரச் சொன்னது சோபாவில். புதுத் துணி போட்ட சோபா, வெளிர் நிறம். ஸ்கேல் சுவரோரம் நின்றாள்.

"பரவாயில்லக்கா. நிக்கறேன்."

"என்ன நிக்கற? உக்காருன்னா."

"இல்லக்கா, உடனே போகணும். பாப்பா அழும்."

நாத்தனாரின் முகம் மாறியது. "என் வீட்டுல ஒரு நிமிஷம் உக்காரக்கூட உனக்கு மனசில்ல. இல்லையா?"

"ஐயோ, அப்படி இல்லக்கா."

"வேற எப்படி? ஆஸ்பத்திரியில நீ படுத்திருந்தப்போ ரெண்டு நாள்தான் வந்தேன். லாண்டரியில ஆளில்ல, வர முடியல. அதுக்குத்தானே இந்தக் கோபம்? என் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதானே சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிட்ட? நானே உன்னை இந்த வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என்ன தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லிட்டாவது ஓடியிருக்கலாம்."

டிவியின் சத்தத்தைப் பையன்களில் ஒருவன் குறைத்தான். கேட்பதற்காகத்தான். இப்போது இந்த அறையில் எந்த வார்த்தையால் அதைச் சொல்வது?

"கோபமெல்லாம் இல்லக்கா" என்றாள் ஸ்கேல்.

"அப்போ நாளைக்கு வந்து என் பக்கத்துல நில்லு. நம்பறேன்."

ஸ்கேல் தலையாட்டினாள். சொல்ல வந்தவள் சம்மதித்துவிட்டுத் திரும்பினாள்.

திங்கட்கிழமை அவள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டு நாப்கினை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள். முன்வாசலில் நுழைந்ததும் ரேடியோ வரவேற்றாள்.

"வாம்மா ராணி. அந்தப்பக்க அனுபவமெல்லாம் எப்படி? வாசம் தாங்காம ஓடி வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்கேல் சிரிக்கவில்லை.

மதியம் வரை எப்படியோ ஓட்டினாள். அவள் கை எதையும் மறக்கவில்லை. தலையணை உறைகள் அடுக்கு அடுக்காக உயர்ந்தன. ஓரங்கள் கோடு மாதிரி நின்றன. நாத்தனார் அவளைக் கடந்து போகும்போதெல்லாம் அடுக்கை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள். தாகம் நாக்கை ஒட்டவைத்தது. டீ வந்தபோது கோப்பையை வாங்கி, யாரும் பார்க்காதபோது கீழே வைத்துவிட்டாள்.

மதியத்துக்குப் பிறகு பெரிய விரிப்புகள் வந்தன. இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தி மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே நின்று, ஒரு வெட்டு வெட்டி இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். "விலகுடி" என்று இவளுடன் நின்றிருந்த பெண்ணை நகர்த்திவிட்டு நாத்தனாரே வந்து எதிர்முனையைப் பிடித்தாள். அது ஒரு சமாதானக் கொடி. எல்லோருக்கும் தெரியும்படியே செய்தாள்.

முதல் விரிப்பு சேர்ந்தது. இரண்டாவது சேர்ந்தது. மூன்றாவதை வெட்டி இழுத்தபோது பஞ்சுத்தூசி எழுந்து ஸ்கேலின் மூக்கில் ஏறியது. கை இரண்டும் விரிப்பில். மூக்கைப் பிடிக்க வழியில்லை. மூச்சை அடக்கினாள். கண்ணில் நீர் முட்டியது. அடக்க அடக்க அது பெரிதாகி, ஒரு தும்மல், உடனே இன்னொன்று, தொடர்ந்து இன்னொன்று.

நாப்கின் இரண்டும் தாங்கவில்லை. வெள்ளைக் கால்சட்டையின் உள்பக்கம் கணுக்கால் வரை மஞ்சளாக நனைந்து, செருப்பைத் தாண்டித் தரையில் சின்னதாக ஒரு குளம் கட்டியது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காததால் வாடையும் அதிகம்.

விரிப்பின் மறுமுனையில் நாத்தனார் பார்த்துவிட்டாள்.

சுத்தப் பக்கத்தில் விரிப்பு தரையில் படக்கூடாது. பட்டால் அந்தப் பெண்ணை நாள் முழுக்க வறுத்தெடுப்பாள் அந்த சூப்பர்வைசர். அப்படிப்பட்டவள் கையிலிருந்த முனைகளை விட்டாள். வெளுத்த, இஸ்திரி போட்ட விரிப்பு அப்படியே சரிந்து தரையில், அந்த ஈரத்தின் மேல் விழுந்தது.

"சரியாக் காயவே இல்ல இது" என்று சத்தமாகச் சொன்னாள். "திருப்பி அனுப்பணும். வா, பிடி, தூக்கிட்டு வா." விரிப்பை வாரிச் சுருட்டி, ஸ்கேலின் இடுப்புக்குக் கீழே அணைத்தாற்போல் கையில் கொடுத்து, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனாள். காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் ரோலர் பக்கத்தில் நின்றிருந்த நாலைந்து பேர் பார்த்துவிட்டார்கள். ரேடியோவும் பார்த்தாள். அன்று சாயங்காலம் வரை ரேடியோ வாயைத் திறக்கவில்லை.

ஸ்டோர் ரூமில் சோப்புத்தூள் மூட்டைகளுக்கு நடுவே நின்று, சுருட்டிய விரிப்பை அணைத்தபடி, ஸ்கேல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்ல ஆரம்பித்த பிறகு வேகமாகவே வந்தது. ஆயுதம், தையல், டாக்டர், பிளாஸ்டிக், சோபா.

நாத்தனார் மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

"இதுக்குத்தான் அந்தப் பக்கம் போனியா?"

"ஆமாக்கா."

"என்மேல கோபம் இல்ல?"

"இல்லக்கா."

நாத்தனார் பெரிதாக மூச்சு விட்டாள். "நான் என்னென்னவோ நெனச்சு ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டேன். பைத்தியக்காரி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் பெரியவன் பொறந்தப்போ இருந்துச்சு. தானா போயிடுச்சு. பயப்படாத."

"டாக்டர்கிட்ட இன்னொரு தடவை போகலாம்னு பாக்கறேன்க்கா. கூட வர்றீங்களா?"

"போகலாம், போகலாம். மொதல்ல வேலைக்கு வழி பண்ணுவோம்."

சாயங்காலம் வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. அக்காவே கூட வந்து தம்பியைத் தனியே அழைத்துச் சொன்னாள். கதவுக்கு இந்தப் பக்கம் ஸ்கேல் பாப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அருவருப்பு எந்த முகத்தோடு வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு.

"இவ்வளவுதானா? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நான் உனக்கு என்னையே பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். வெளியில யாருகிட்டயாவது கேட்டா அசிங்கம்னு மனசுலயே வெச்சு மருகிட்டு இருந்தேன். இதுக்காடி தரையில படுத்த?"

அருவருப்பை எதிர்பார்த்து அதற்காக உடம்பை இறுக்கி வைத்திருந்தாள். சிரிப்புக்கு அவளிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

"டாக்டரைப் பாக்கணுங்க" என்றாள்.

"பாத்தோமே. சரியாயிடும்னுதானே சொன்னாரு. அக்காவுக்கும் தானா சரியாச்சாம். வீணா போட்டு மனசக் குழப்பிக்காத."

"உக்கார முடியல. சிரிக்க முடியல. பாப்பாவைத் தூக்க முடியல."

"அதான் இப்ப எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. இனிமே என்ன கஷ்டம்? நாங்க தூக்கித் தர்றோம்." அவன் குரலில் உண்மையான அன்பு இருந்தது. அன்போடு எப்படிச் சண்டை போடுவது?

மாமனாரிடம் என்ன சொன்னார்களோ தெரியாது. அவர் பாப்பாவைத் தூக்கி அவள் மடியில் மெதுவாக வைத்தார். "கீழ்த்தளம்" என்றார் ரொம்பத் தாழ்ந்த குரலில். வீட்டில் அன்று எல்லோருக்கும் பாரம் இறங்கியிருந்தது. அக்கா சாப்பிட்டுவிட்டுப் போனாள். தம்பியும் அக்காவும் பழைய கதை பேசிச் சிரித்தார்கள். அவர்களுக்கு வலித்த இடத்தில் மருந்து போட்டாயிற்று.

மறுநாளே நாத்தனார் மேனேஜரிடம் பேசி முடித்துவிட்டாள். ஸ்கேல் திரும்பவும் அழுக்குப் பக்கம். இந்தத் தடவை நிரந்தரமாக. "எத்தனை வருஷம் வேணும்னாலும் அங்கேயே இருக்கலாம், ஒருத்தரும் உன்னை நகர்த்த மாட்டாங்க. நான் வாக்கு வாங்கிட்டேன்" என்று சொன்னபோது நாத்தனாரின் முகத்தில் பெருமை. கணவன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து பின்வாசலிலேயே இறக்கிவிட்டான். மூட்டை இறக்குகிறவர்களைப் பார்த்து, "அவளுக்கு அங்கதான் பிடிச்சிருக்குப்பா, நான் என்ன பண்ண" என்று தைரியமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஸ்கேல் பின்வாசலுக்கு வெளியே, காலி மூட்டைகள் காயப்போட்டிருந்த இடத்தில் நின்றாள். உள்ளே போக நேரம் இருந்தது. எத்தனை வருஷம் வேணும்னாலும் என்று நாத்தனார் சொன்னதையே மனசு திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தது.

யாரோ வரும் சத்தம். ரேடியோ. சுத்தப் பக்கத்து வெள்ளை உடுப்போடு இங்கே வரக் கூடாது. அது அவளுக்கும் தெரியும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தாள். கேலி செய்யத்தான் வருகிறாள் என்று ஸ்கேல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்" என்றாள் ரேடியோ. அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி ஸ்கேல் கேட்டதே இல்லை. "இந்தப் பக்கம் இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

ஸ்கேல் அவளைப் பார்த்தாள். ரேடியோ காலி மூட்டை ஒன்றின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பொண்ணு இப்ப என்ன பண்றா?" என்று ஸ்கேல் கேட்டாள்.

"ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா."

ஸ்கேல் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஏழு வருஷம். மூட்டைக் குவியலில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"தானா சரியாகலையா?"

"எங்க ஆச்சு?"

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். டோக்கன் வாங்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். உள்ள போனா, டாக்டர் பக்கத்துல படிக்கிற பசங்க நாலு பேரு நோட்டு வெச்சுட்டு நிக்கிறாங்க. என்னம்மா செய்யுதுன்னு கேட்டாரு. தலைவலின்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டு வந்துட்டேன்."

ஸ்கேலுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"நானும் அப்படித்தான் ஏதாவது சொல்லிட்டு வந்துடுவேன்" என்றாள். "ரெண்டு பேரா போனா, ஒருத்தியாவது சொல்லிட மாட்டோமா?"

முன்வாசல் பக்கம் சங்கு ஊதியது. ரேடியோ தன் வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கத்தை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அதை அப்புறம் பாக்கலாம். மொதல்ல எனக்கு இடம் கேட்டுச் சொல்லு" என்றாள்.

அவள் சுவரோரமாகவே நடந்து போனாள்.